பின்னங்கால் இல்லாத நாற்காலி

பதினாறு வருஷமாக நின்றுகொண்டே பிழைப்பவள் நான். டீச்சர் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குப் பாடம் ஏறாது என்பது எங்கள் தலைமையாசிரியையின் நம்பிக்கை. வீட்டில், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு வாய்த்தது அடுப்படி ஓரத்துச் சிவப்பு பிளாஸ்டிக் சேர். அதிலும் ஒரு கை விரிசல் விட்டு, அசந்தால் சதையைக் கடிக்கும். எனவே என் வாழ்க்கையின் பெரிய ஆசை ஒன்றே ஒன்றுதான்: சாயங்காலம் வந்ததும் முதுகைச் சாய்த்து அரை மணி நேரம் உட்கார வேண்டும். மோட்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இடையஞ்சாவடிப் பக்கம் ரொம்ப நாளாகக் குடியிருந்த ஸ்வீடன் நாட்டு அம்மாள் ஒருவர் சொந்த ஊருக்கே திரும்பிப் போகிறார், சாமான்களை விற்கிறார் என்று கூட வேலை பார்க்கும் டீச்சர் சொன்னாள். மிக்ஸி வாங்கத்தான் போனேன். அங்கே ஜன்னலோரம் அது நின்றது. மெல்லிய மரத்தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, அச்சில் அழுத்தி வளைத்த நாற்காலி. கைப்பிடியாகத் தொடங்கும் மரம் முன்பக்கம் வளைந்து காலாக இறங்கி, தரையோடு பின்னால் ஓடி அங்கேயே முடிந்துவிடுகிறது. பின்னங்கால் கிடையாது. உட்காரும் இடத்தில் நாடாப் பின்னல்.

"உக்காருங்க" என்றார் அந்த அம்மாள், தனக்குத் தெரிந்த தமிழில். உட்கார்ந்தேன். மரம் லேசாக இறங்கி, என்னை வாங்கிக்கொண்டு, மெல்ல மேலே வந்தது. என் எடையைப் பற்றிக் குறை சொல்லாத முதல் ஜீவன் அதுதான்.

"சேருக்கு அறுவது வயசு. மரத்துல ஒரு ஆணி இல்ல."

ஆணி இல்லை என்றதும்தான் முடிவு செய்தேன். மரக்காணத்து உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. எங்கள் வீட்டு இரும்புக் கேட்டையே மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. மிக்ஸியை மறந்துவிட்டு நாற்காலியோடு திரும்பினேன்.

குட்டியானை வண்டியில் வந்து இறங்கிய சாமானை என் மாமியார் வாசலிலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னம்மா இது, பின்னங்காலே காணோம்?"

"மாடலே அப்படித்தாங்க அத்தை. வெளிநாட்டு சேரு."

வெளிநாடு என்ற சொல் போதும். நாற்காலி நேராக ஹாலுக்குப் போயிற்று. மெத்தை வந்த பிளாஸ்டிக் உறையை வெட்டி அத்தை அதற்குப் போர்த்தினார். மேலே பூப்போட்ட டர்க்கி டவல். நான் உட்காரப் போனேன்.

"அதுல உக்காராதம்மா. வர்றவங்க உக்காரட்டும்."

எங்கள் வீட்டில் நல்லது எல்லாமே வர்றவங்களுக்குத்தான். பீங்கான் கப், ஃபாரின் பெட்ஷீட், ஃபேன் காற்று நேராக விழும் இடம், எல்லாம். யார் அந்த வர்றவங்க என்று மட்டும் கேட்கக் கூடாது. சிலிண்டர் போடுகிறவர் வந்தார். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தார். நாங்கள் பாலிசி போடப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நான் சிவப்புச் சேரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்கள். இங்கே பழத்தை ஊரே தின்றது, நாய் மட்டும் பட்டினி.

அப்போதுதான் எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் என்ற சடங்கை நடத்த ஆயர், அதாவது பிஷப், வருகிறார் என்று அறிவிப்பு வந்தது. ஆயர் உட்காரும் நாற்காலி யார் வீட்டிலிருந்து போகிறது என்பது எங்கள் தெருக்களில் சின்ன விஷயமில்லை. போன தடவை ரைஸ்மில் வீட்டிலிருந்து போனது: சிவப்பு வெல்வெட், தங்கப் பூச்சு, கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை சேர் மாதிரி. அந்த வருத்தத்தை அத்தை ஏழு வருஷம் சுமந்தார். இந்த முறை விடவில்லை. பிளாஸ்டிக் உறை கழன்று நாற்காலி பீடத்துக்குப் போயிற்று.

ஆயர் நல்ல ஆகிருதி உடையவர். உட்கார்ந்தார். நாற்காலி தன் வழக்கப்படி இறங்கியது. ஆயரின் உயரமான தொப்பி பின்னால் சாய்ந்தது. "இயேசுவே!" என்று பெண்கள் பக்கமிருந்து சத்தம் கிளம்ப, உபதேசியார் ஓடிப்போய் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தார். ஆயர் சிரித்துக் கையமர்த்தினார். அதற்குப் பிறகு பூசை முழுக்க அவர் சன்னமாக ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பாவம், அவருக்கும் முதுகுவலி இருந்திருக்கும். ஆனால் ஊர் ஆயரைப் பார்க்கவில்லை, நாற்காலியைத்தான் பார்த்தது. கோயில் வாசலில் ரைஸ்மில் வீட்டம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரவால்லக்கா, அடுத்த தடவ எங்க சேரே போட்டுடலாம்."

திட்டியிருந்தால்கூட அத்தை தாங்கியிருப்பார். ஆறுதலைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அத்தை வரவழைத்த ஆசாரி வேலையை முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளக்காரன் ஏதோ அவசரத்துல பின்னங்காலு வெக்க மறந்துட்டான் டீச்சர். நான் வெச்சுட்டேன். இனிமே யானை உக்காந்தாலும் அசையாது."

இரண்டு இரும்புக் குழாய், எட்டு ஸ்க்ரூ, வெள்ளி பெயின்ட். வளைந்த மரத்தைத் துளைத்து முடுக்கியிருந்தார். அமுக்கிப் பார்த்தேன்; சொன்னபடியே அசையவில்லை. பின்னங்கால் இல்லாததில்தான் அதைச் செய்தவனின் மொத்த மூளையும் இருந்தது. மாடிக்குப் போய் அழுதேன். ஒரு நாற்காலிக்காக அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். எனக்கென்று நான் வாங்கிய ஒரே பொருள் அது.

ஆசாரியும் அத்தையும், ஏன், நானும்கூட ஒன்றை மறந்திருந்தோம்: உப்பளத்து ஊரில் எதற்கும் இரும்பால் முட்டுக் கொடுக்கக் கூடாது. ஒரு மழைக்காலம் போயிற்று. வெள்ளி பெயின்ட் கொப்புளம் விட்டு உதிர்ந்தது. அத்தை கால்களுக்குத் துணி சுற்றி மறைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வானூரிலிருந்து என் கணவரின் மேலதிகாரி வந்தார். உட்கார்ந்தார், வடையைக் கடித்தார், இரண்டு இரும்புக் காலும் ஒருசேர முறிந்தன. நாற்காலி அவரை மரியாதையாக இறக்கி, மரியாதையாக மேலே ஏற்றியது. அவர் கடித்த வடையோடு எழுந்து வாசலுக்கே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அத்தை தீர்ப்புச் சொன்னார்.

"ஒடஞ்ச சேருல வர்றவங்கள உக்கார வெக்கக் கூடாது. பின் ரூம்ல போட்டுடு. வேணும்னா நீ உக்காந்துக்கோ."

உடைந்த பொருள் யாருக்கு என்பதில் இந்த வீட்டில் குழப்பமே வந்ததில்லை. உப்பளம் தெரியும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் போட்டேன். கட்டிங் பிளேயரால் துருப்பிடித்த ஸ்க்ரூக்களைப் பிடுங்கினேன். எட்டு ஓட்டைகள் தவிர, செய்தவன் செய்தபடியே இருந்தது. உட்கார்ந்தேன். இறங்கியது, வாங்கிக்கொண்டது, மேலே வந்தது. அது உடையவில்லை என்பதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு வாரம் கழித்து உட்காரும்போது ஏதோ குத்தியது. நாடாப் பின்னலுக்குள் அத்தையின் செபமாலை சிக்கிக் கிடந்தது. பகலில் நான் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டிருக்கும் நேரம் வீட்டில் அத்தை மட்டும்தான். அவரும் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர்தான். ஹால் சோபாவில் அவர் முதுகு சாய்த்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. செபமாலையை மாதா படத்தின் கீழே வைத்தேன். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போன வாரம் சாப்பிடும்போது என் கணவர் ஆரம்பித்தார்.

"அந்த சேரு சும்மாதான கெடக்குது? ஆசாரிய வரச் சொல்றேன். சரி பண்ணி ஹால்லயே போட்டுடலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"வேணாம்டா. ஒடஞ்சதாவே இருக்கட்டும்."