பவானி அக்காவின் குரலில் என் பேச்சு

புதன்கிழமை பின்னேரம் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த அம்மா, போனை உடனே என்னிடம் தரவில்லை. கூடையை இறக்கி வைத்தார், கால் கழுவினார், பிறகு அடுப்படிக்கு வந்து என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார்: "ஒங்க கிளாஸ் டீச்சரு தவறிட்டாங்களாம். டெங்காம். கத்திராத."

பவானி அக்காவைப் பற்றி நம் குழுவுக்கு வந்த செய்தியை அம்மா மலையில் நிற்கும்போதே வாசித்திருக்கிறார். நான் கத்தவில்லை. கத்தினால், யார் செத்தது என்று லயத்து வீடுகள் முழுக்க ஓடி வந்து கேட்கும். கேட்டால் அவர் எனக்கு யார் என்று சொல்ல வேண்டிவரும். சட்டிகளைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனேன். தண்ணீர் விழும் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழ முடிந்தது.

பவானி அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் திரையில் ஆறு கட்டங்கள் வரும். அதில் ஒன்று அவர், மற்ற ஐந்தும் நாம். பயம், தூக்கமின்மை, படிப்பு ஓடாதது, யாரோடும் பேசப் பிடிக்காதது என்று ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பள்ளிக்கூடம் அவரிடம் அனுப்பியிருந்தது. அவர் உளவளத்துணையாளர். ஆனால் அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. "நான் பவானி, கேக்குறதுதான் என் வேல" என்பார். நம்மை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த பெரியவர்களில் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவர் என் குரலைக் கேட்டதில்லை. ஒரு முறை மைக்கை மூட மறந்து நான் இருமியதை மட்டும் கேட்டிருக்கிறார். "அது யாரு இருமுறது? மொதல்ல சுடுதண்ணி குடிச்சிட்டு வாங்க, அப்புறம் கவலப்படலாம்" என்றார்.

முதல் நாள் அவர் ஒரு விதி சொன்னார். வேறு யாருக்கும் கேட்காத ஓர் இடத்தில் ஒவ்வொருவரும் தனியாக உட்கார வேண்டும். எம்பிலிப்பிட்டியவில் இருக்கும் தர்ஷி, அவள் வீட்டில் அப்படி ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது, அது கக்கூஸ் என்றாள். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். என்னால் சிரிக்கக்கூட முடியவில்லை. எங்கள் காம்பராவுக்கும் செல்வி அக்காவின் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. அவர்கள் நெருப்புக்குச்சி உரசினால் எங்களுக்குக் கேட்கும். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு என்னை இந்தக் குழுவில் சேர்த்துவிட்ட அன்றே அம்மா சொல்லிவிட்டார்: "இது கிளாஸ்னு சொல்லு. காதுல மாட்டிக்கிட்டுக் கேளு. வாயத் தொறந்திராத." அதனால் நான் எழுதி அனுப்பினேன்: 'பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அக்கா. நான் போகவா?'

அவர் அதை வாசித்தார். பிறகு, "போகாதீங்க. நீங்க எழுதுங்க, நான் வாசிக்கிறேன். வாசிக்க வேணாம்னு நெனக்கிறத மட்டும் எழுதாதீங்க" என்றார்.

அன்றிலிருந்து நான் எழுதுவேன், அவர் தன் குரலில் சொல்லுவார். ஒரு சொல்லைக் கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். உங்களில் சிலருக்கு என் பேச்சு என்றால் அது அவருடைய குரலாகத்தான் நினைவிருக்கும். எனக்கே அப்படித்தான்.

அவருக்கும் கதவுள்ள அறை இருக்கவில்லை. பெல்மதுளையில் அவருடைய அப்பாவின் புடவைக் கடைக்கு மேலே, துணிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் நம்மோடு பேசினார். கீழே சிங்களத்தில் விலை கேட்கும் "மேக்க கீயத?" நமக்கும் கேட்கும். ஒரு நாள் சேலைக் கட்டு ஒன்றை எடுக்க அவர் அப்பாவே மேலே வந்துவிட்டார். அக்கா உடனே நம்மை நிறுத்திவிட்டு, திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். நமக்குச் சுவர் மட்டும் தெரிந்தது. அதற்குள் அவர் அப்பாவின் குரல்: "யாரு கூட இவ்வளவு நேரம் பேச்சு? எதாவது சம்பந்தமா இருந்தா சொல்லிரு, நான் பந்தல்காரனுக்குச் சொல்லணும்." அவர் இறங்கிப் போகும்வரை நாம் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம். அக்கா திரும்பி வந்து, "மன்னிச்சிருங்க, எங்க ஊட்டுலயும் இதே கததான்" என்றார். வரக்காப்பொலவிலிருந்து வரும், தன்னைக் கிங் என்று சொல்லிக்கொள்ளும் நம் ராஜா, "பந்தல்காரரு நம்பர் என்கிட்ட இருக்கு அக்கா" என்றான். அன்றைக்கு அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் எனக்கு மூச்சு அடைத்தது. கை மரத்து, காது அடைத்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தோட்டத்துக் கோயிலில் கயிறு கட்டினார்கள். பீலியில் யாரோ யாரிடமோ, "அந்தப் புள்ளைக்குப் பிஸ்ஸுடி" என்று சொன்னது என் காதில் விழுந்தது. சிங்களத்தில் இருந்து வந்த அந்தச் சொல்லை நாங்கள் விளையாட்டுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். ஒரு பிள்ளையைக் காட்டிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பைத்தியம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'எனக்குப் பிஸ்ஸா அக்கா?'

அவர் உடனே வாசிக்கவில்லை. பத்து மாதத்தில் அவர் தயங்கியது அந்த ஒரு முறைதான். பிறகு மெதுவாக வாசித்தார். வாசித்துவிட்டு பதில் சொல்லாமல், "இந்தக் கேள்விய வேற யாரு கேட்டிருக்கீங்க?" என்றார். ஒவ்வொரு மைக்காகத் திறந்தது. ராஜா சொன்னான்: "நான் எங்கப்பாகிட்டயே கேட்டேன். சோத்தத் தின்னுட்டுப் படுடான்னுட்டாரு." யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அக்கா சொன்னார்: "இது ஒரு வருத்தம், மத்த நோய் மாதிரி. பிஸ்ஸு இல்ல. போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். வந்தா என்ன செய்யிறதுன்னு சேந்து பழகலாம்." அன்று நாம் ஐந்து பேரும் அவரோடு மூச்சை எண்ணிப் பழகினோம். பிறகு இரண்டு முறை அது வந்தது. இரண்டு முறையும் நான் நின்றபடியே இருந்தேன்.

அவர் தவறே செய்யாதவர் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு தடவை நான், 'அம்மா என்னைப் பார்த்தாலே பயப்படுகிறார்' என்று எழுதினேன். அக்கா அதைக் கோபத்தோடு வாசித்துவிட்டார். என் அம்மாவை யாரோ திட்டியது போல இருந்தது. 'அப்படி இல்லை அக்கா, பாவமாக இருக்கிறது' என்று எழுதினேன். அவர் மன்னிப்புக் கேட்டார். திரும்ப வாசித்தார், அதுவும் சரியாக வரவில்லை. மூன்றாம் தடவைதான் என் மனதில் இருந்த மாதிரி வந்தது. "ஒங்க அம்மாவ ஒங்களுக்குத்தான் தெரியும். நான் வெளிய இருந்து வாசிக்கிறேன். என்னைக்காவது இத நீங்களே சொல்லுங்க. அவசரமில்ல" என்றார்.

இன்று காலை, என் காலுக்குச் சப்பாத்து வாங்கப் போவதாகச் செல்வி அக்காவிடம் சொல்லிவிட்டு, அம்மா என்னைப் பெல்மதுளைக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சப்பாத்துக் கடையைத் தாண்டி நடந்தார். வெள்ளைக்கொடிகள் கட்டிய தெருவில், பாதி இழுத்து மூடிய புடவைக் கடை. நேற்றே அக்காவை எடுத்து முடிந்துவிட்டது. வாசலில் கதிரையில் உட்கார்ந்திருந்தவர் அக்காவின் அப்பா என்று குரலைக் கேட்டதும் தெரிந்தது. எங்களை யாரென்று கேட்டார். "எங்க புள்ளைக்குப் படிச்சுக் குடுத்தாங்கய்யா" என்றார் அம்மா.

"அவ ஒரு ஸ்கூல்லயும் படிச்சுக் குடுக்கலயேம்மா."

அம்மா என் சால்வை நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றார். அவரை அப்படி விட முடியாமல்தான் நான் வாயைத் திறந்தேன். "ஞாயித்துக்கெழம மூணு மணிக்குங்க. மேல இருந்து. நான் எழுதுறத அக்கா வாசிப்பாங்க. எனக்குப் பேச முடியாதுங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்பப் பேசுறியேம்மா" என்றார்.

பிறகு எங்களை உள்ளே உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். கீழே இருப்பவர்களுக்கு மேலேயிருந்து சத்தம் மட்டும்தான் வருமாம், ஒன்றும் விளங்காதாம். என்ன பேசினாய் என்று வீட்டில் கேட்டால், "அது எனக்குச் சொந்தமான பேச்சு இல்லப்பா" என்று மட்டும் அக்கா சொல்வாராம். அக்காவின் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என் அம்மா அழுதார். இருவரும் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. செத்த வீட்டில் யாரும் ஏன் அழுகிறாய் என்று கேட்பதில்லை. நானும் அங்கே சத்தமாக அழுதேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், பவானி அக்காவின் இடத்துக்கு வந்திருக்கும் புதிய அக்காவின் செய்தி வந்தது. குழு தொடரும், நாளைக்குப் பவானி அக்காவைப் பற்றி எல்லோரும் ஏதாவது சொல்லலாம், பேச முடியாதவர்கள் எழுதினால் தான் வாசிப்பதாக எழுதியிருந்தார். நான் பேசட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அவங்களையே வாசிக்கச் சொல்லு. ஞாயித்துக்கெழம செல்வி ஊட்டுல எல்லாரும் இருப்பாங்க. நாளைக்கு ஒனக்குக் கல்யாணம்னு ஒரு நல்லது வரும்போது இந்தப் பேச்சுதான் முன்னுக்கு வந்து நிக்கும்" என்றார். அவருடைய பயம் பொய்யில்லை. எனக்கும் அதே பயம்தான்.

அம்மா தூங்கிவிட்டார். டோர்ச் வெளிச்சத்தைத் தலையணையால் மறைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். புதிய அக்கா நல்லவராகத்தான் இருப்பார். ஆனாலும் இதை அவருக்கு அனுப்பப் போவதில்லை. நாளைக்கு நானே வாசிக்கப் போகிறேன். அம்மாவிடம் காலையில் சொல்லிவிடுவேன். அவர் கோபப்பட்டால், பார்த்தாலே பயப்படுகிறார் என்று நான் எழுதிய அந்த வரியை முதலில் அவரிடம் சொல்லுவேன், பாவமாக இருக்கும் குரலில்.

எனக்கே வெட்கமாக இருந்த வரிகளைப் பவானி அக்கா வெட்கப்படாமல் வாசித்தார். விலைச் சத்தத்துக்கு மேலே, வேகத்தைக் கூட்டாமல், தாழ்த்தி மறைக்காமல் வாசித்தார். அப்படி வெளியே கேட்டபோது அவை ஒரு பிள்ளையின் சாதாரணப் பேச்சாகத்தான் இருந்தன. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

என் குரல் நடுங்கும். நடுவில் நின்றாலும் நின்றுவிடும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு ரேடியோ திடீரென்று நின்றால், அவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அப்போதும் நான் அடுத்த வரியை வாசிப்பேன்.