தூங்குது, சத்தம் போடாதீங்க

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளைச் சலவைக்கடை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கடைத்தெருவில் இருந்த சலவைக்கடையில் கவுன்ட்டர் வேலை. துணியை வாங்கிப் பையைத் துழாவி, கறை எங்கே என்று பார்த்து, சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆள் வாசலைத் தாண்டியதும் அவளும் இஸ்திரி போடுகிற அண்ணனும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"பாருங்கண்ணா, எவ்வளவு பெரிய ஆபீசரு. அக்குள்ல ஜன்னல் வெச்சிருக்காரு."

"இது பரவாயில்ல. நேத்து வந்த அம்மா கொடுத்த சட்டையில லிப்ஸ்டிக். அந்தம்மா போடுற கலரே இல்ல."

ஊர் அழுக்கில் இருவருக்கும் நன்றாகவே பொழுது போனது.

அதனால்தானோ என்னவோ, தன்னைப் பற்றி யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது என்று அவளுக்கு அப்படியொரு பயம். மற்றவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? அவளே பேசுகிறவள்தானே. உள்ளாடைகளைத் துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுவாள். சண்டை வந்தால் முதலில் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, பிறகுதான் கணவரைத் திட்டத் தொடங்குவாள். மூன்றாவது மாடியில் செய்தி அலறினால் அங்கே ரகளை என்று குடியிருப்பு முழுக்கத் தெரிந்திருந்தது. அவளுக்கு மட்டும் அது தெரியாது.

இப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கமோடு உடைந்தது. கணவர் உடைத்தார். உட்கார்ந்து உடைத்தார்.

ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர் அவர். நல்ல மனிதர், நல்ல எடை. நாற்காலியோ கட்டிலோ, தொப்பென்று விழத்தான் தெரியும். அன்று குளியலறையில் டமால் என்று ஒரு சத்தம். பின்னாலேயே அவர் குரல்: "ஒண்ணுமில்ல! யாரும் உள்ள வராதீங்க!"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர், "கமோடு கடைக்கு ஒரு போன் போட்டா புதுசை வண்டியில கொண்டாந்து இறக்கிருவான்" என்றார்.

"இறக்குவான். கேட்டுல நின்னு 'மூணாவது மாடி கமோடு'ன்னு கத்துவான். பழசு என்னாச்சுன்னு கேப்பாங்க. எங்க வீட்டுக்காரர் உக்காந்தாருன்னு சொல்லவா?"

"அதுவரைக்கும் நான் எங்க போறதும்மா?" என்றாள் மகள். விடுதியில் தங்கிப் படித்தவள், படிப்பு முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள்.

"அடக்கிக்கோ" என்றாள் அக்கா.

பரணில் மகளின் பழைய தள்ளுவண்டி கிடந்தது, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியது. தூசி தட்டி, மெல்லிய போர்வை ஒன்றையும் எடுத்துக்கொண்டு, பொழுது சாயும் நேரமாகப் பார்த்துக் கடைக்குக் கிளம்பினாள். கடைக்காரர் புதுக் கமோடை வண்டியில் மல்லாத்தி வைத்தார். அவள் அதைத் தலையோடு சேர்த்துப் போர்த்தினாள். கமோடுக்கு எது தலை என்று கேட்காதீர்கள், அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பாத்து பத்திரமா கூட்டிட்டுப் போங்கக்கா" என்றார் கடைக்காரர்.

தெருவெல்லாம் தாண்டிவிட்டாள். கேட்டில் மாட்டிக்கொண்டாள். கீழ்வீட்டு அத்தை அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். யார் வந்தார்கள், யார் போனார்கள், கையில் என்ன என்பதெல்லாம் அவள் இலாகா.

"அட! யாரு குழந்தை?"

கமோடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாயில் வந்தது வேறு. "தூங்குது, சத்தம் போடாதீங்க அத்தை."

"யாரோடது?"

"சொந்தத்துல."

அத்தை போர்வையை உற்றுப் பார்த்தாள். "தலை கொஞ்சம் பெருசு போலிருக்கே?"

"எங்க பக்கத்துல எல்லாருக்குமே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளினாள். கணவர் நொண்டிக்கொண்டே இறங்கி வந்து ஒரு முனையைப் பிடித்தார். இரண்டாவது வளைவில் கை நழுவி வண்டி சுவரில் மடேரென்று இடித்தது.

"ஐயோ, குழந்த!" என்று கீழேயிருந்து அலறினாள் அத்தை.

"ஒண்ணும் ஆகல அத்தை! கெட்டியான புள்ள!" என்றார் கணவர்.

குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி வரவழைத்த பிளம்பர் அன்றே கமோடைப் பொருத்தினார். அக்கா நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த வாரக் கடைசியில் சலவைக்கடைக்கு ஒரு பெண் திரைச்சீலைகளைப் போட வந்தாள். வேறு தெருக்காரி, அக்கா எங்கே குடியிருக்கிறாள் என்று தெரியாதவள்.

"கேட்டீங்களாக்கா? இங்க ஒரு குடியிருப்பாம், மூணாவது மாடியாம். பொண்ணு விடுதியில இருந்து பெருத்துப் போய் வந்தாளாம். அம்மாக்காரி ராத்திரியோட ராத்திரியா புள்ளையைத் தள்ளுவண்டியில கொண்டாந்துட்டாளாம். படியில இடிச்சாங்களாம், அது அழவே இல்லையாம்!"

"அட, இது நமக்குத் தெரியாமப் போச்சே!" என்று இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார் அண்ணன். அக்கா ஆறு திரைச்சீலைக்கு ஆறு கோட்டு என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம், வேறு ஊருக்குக் குடிபோய்விட்டால் என்ன என்றுதான் யோசித்தாள்.

கதவைத் திறந்த மகளின் கையில் குட்டிக் குட்டிச் சட்டைகள்.

"கீழ்வீட்டு அத்தை கொடுத்துட்டுப் போறாங்கம்மா. பேரனுக்குப் பத்தாம போச்சாம். எனக்குப் பால் நல்லா சுரக்குதான்னு வேற கேக்குறாங்க!"

மகள் அழப்போகிறாள் என்று அக்கா நினைத்தாள். அவளோ சுவரில் சாய்ந்து, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்: "அம்மா, நான் புள்ள பெத்தேன்னு பேசுறது பரவாயில்ல. அப்பா கமோடை ஒடைச்சாருன்னு மட்டும் தெரியக் கூடாது. அப்படித்தானே?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. செருப்பைக் கூடக் கழற்றவில்லை. அப்படியே திரும்பிக் கீழே இறங்கினாள்.

கேட்டருகே அத்தையோடு இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். இவளைக் கண்டதும் பேச்சு நின்றது. திரும்பி ஏறிவிடலாமா என்று படிக்கட்டை ஒரு தடவை பார்த்தாள். இருந்தாலும் வாயைத் திறந்துவிட்டாள்.

"குழந்தையைப் பாக்கணும்னு ஆசையா இருக்கீங்க போல. வாங்க, காட்டுறேன்."

நான்கு பேரும் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினார்கள். துண்டோடு நடையில் நின்ற கணவர், கூட்டத்தைப் பார்த்ததும் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினார். அக்கா குளியலறைக் கதவை விரியத் திறந்தாள்.

"இதுதான் அன்னிக்குத் தூங்கிட்டு வந்தது. பழசை எங்க வீட்டுக்காரர் உக்காந்தே ஒடைச்சுட்டாரு. வெளிய சொல்ல வெக்கப்பட்டு நான்தான் பொய் சொன்னேன். என் பொண்ணு விடுதிச் சாப்பாட்டுல பெருத்தவ. போதுமா?"

அத்தைதான் முதலில் உள்ளே போனாள். மூடியைத் தட்டிப் பார்த்தாள். மேலே உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

"முட்டிக்கு சொகமா இருக்கும்மா. எங்க வீட்டுல இன்னும் குந்துறதுதான். எந்தக் கடையில வாங்கின?"

பேச்சு நின்றுவிடவில்லை, ஆள்தான் மாறியது. கணவருக்குக் 'கமோடு மாமா' என்று பேர் விழுந்தது. இரண்டு வாரம் ரொட்டிக்கடையின் பின்வாசல் வழியாகப் போய்வந்தவர், பிறகு அலுத்துப்போய் முன்வாசலுக்கே வந்துவிட்டார். அத்தை தன் வீட்டிலும் ஒரு கமோடு பொருத்தி முடியும்வரை காலையில் துண்டோடு மேலே வந்து போனாள். அக்கா மகளிடம் மன்னிப்புக் கேட்டாளா என்றால், இல்லை. ஒரு தட்டு நிறையப் பழம் நறுக்கி வைத்துவிட்டுப் போனாள்.

அக்காவுக்குப் பயம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது புளுகு. உள்ளாடை இன்னும் துண்டுக்கு அடியில்தான் காய்கிறது. ஆனால் போன மாதம் ஒரு கல்யாணத்தில், கூட்டத்துக்கு நடுவே நாத்தனார் இழுத்து இழுத்துக் கேட்டாள்: "அண்ணி, போன விசேஷத்துக்கும் இதே நீலப் புடவைதானே?"

"அதேதான். துவைச்சுட்டுத்தான் கட்டியிருக்கேன். சந்தேகமா இருந்தா மோந்து பாரு."

நாத்தனார் நிஜமாகவே குனிந்து மோந்தாள். பிறகு, என்ன சோப்பு என்று கேட்டாள்.