எஃகுக்கு நடுவில் இருக்கும் ஒலி

என் மகள் ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கிறாள். நான் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பி ஆலையில் ஸ்டோர் கீப்பர். மூன்றாம் வருடத்தில் அவளுக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி தொடங்கியது. பாடமெல்லாம் இங்கிலீஷ், நோயாளிகள் பேசுவது ஜார்ஜியன். வலி எங்கே, எப்போதிலிருந்து, கையைத் தூக்குங்கள் என்ற வாக்கியங்களை அவள் சொல்லிப் பழகி எனக்குக் குரல் பதிவாக அனுப்புவாள். நானும் கூடவே படித்தேன். தனியாக உட்கார்ந்து எதையும் படிக்க அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வராது.

அந்தப் பதிவுகளை டீ நேரத்தில் எடைமேடைக்குப் பக்கத்து நிழலில் கேட்பேன். அங்கே என்னோடு உட்கார்ந்தவர் அஸ்ஸாம்காரர். கம்பிக் கட்டுகளை எண்ணி லாரியில் ஏற்றுவது அவர் வேலை. வயது முப்பதைத் தாண்டாது. மலையாளத்தையும் எங்கள் கிழக்குப் பாலக்காட்டுத் தமிழையும் கலந்து ஒரு மாதிரி பேசுவார். ஒருநாள் என் மகளின் குரலைக் கேட்டுத் திரும்பினார்.

"சேட்டா, இது எங்கட ஒலி."

ஜார்ஜியனில் கைக்கு 'ஹேலி' என்று சொல்கிறார்கள். அதன் முதல் எழுத்து ஹ-வும் இல்லை, க-வும் இல்லை; தொண்டையின் உட்புறத்தில் காற்று உரசி வருவது. அஸ்ஸாமியிலும் அதே ஒலி உண்டு. வங்காளத்தில் இல்லை, ஹிந்தியில் இல்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார். தமிழில் அதற்குக் கிட்டத்தில் வருவது எஃகு என்ற சொல்லின் நடு எழுத்து. எஃகு ஆலையில் வேலை செய்யும் நாங்கள் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. இரும்பு என்போம், இல்லையென்றால் ஸ்டீல்.

அன்றிலிருந்து ஜார்ஜியனையும் அஸ்ஸாமியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எங்கள் டீ நேர வேலையானது. ஜார்ஜியன் எழுத்துகளில் கூர்முனை குறைவு, எல்லாம் கொக்கியும் வளைவும். அஸ்ஸாமி எழுத்துகள் தலைக்கோட்டில் தொங்கும். ஜார்ஜியன் நான்கைந்து மெய்யெழுத்துகளை உயிரெழுத்தே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். என் நாக்கு அங்கே நின்றுவிடும். அஸ்ஸாமி வாயை உருட்டி இழுத்துப் பேசுவது. ஆனால் ஜார்ஜியனில் நாற்பது என்றால் இரண்டு இருபது. அவரும் கட்டுகளைக் 'குரி' கணக்கில்தான் எண்ணினார்; ஒரு குரி இருபது. ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லாத மொழிகள் என்று மகள் சொன்னாள். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"ஜார்ஜியாவில அப்பாவுக்கு மாமான்னு பேர்" என்று ஒருநாள் சொன்னேன்.

"அய்யோ. அப்ப மாமாவெ எந்தா விளிக்கும்?"

"பிட்ஸா."

"தின்னுற பீட்ஸாவோ? கல்யாணத்தில பீட்ஸா வந்நு, சாப்பாடு வேண்டா." தன் நகைச்சுவைக்குத் தானே வெகுநேரம் சிரித்தார்.

அந்த நேரத்தில் அவர் அம்மா போன் செய்வதுண்டு. அந்த அம்மா நிறுத்தாமல் பேசுவார். இவர் 'ஹுனிஸோ, ஹுனிஸோ' என்பார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். முதல் எழுத்து அதே ஒலி. அம்மா இவரைக் கூப்பிடுவது 'ஹோன்'. தங்கம். அதுவும் அதே ஒலி.

மழைக்கு முன்னால் கூரைத் தகடு மாற்ற ஆள் குறைந்தது. கான்ட்ராக்டர் இவரை ஏற்றினார். தகடு உடைந்து தலை தரையில் படும்படி விழுந்தார். பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு நானும் வண்டியில் போனேன்.

"பெங்காலியாணோ?" என்று நர்ஸ் கேட்டார்.

"பெங்காலி தன்னெ" என்றார் கான்ட்ராக்டர். எங்கள் பக்கத்தில் வடக்கிலிருந்து வந்த எல்லாரும் பெங்காலிதான். ஒடியாக்காரரும் பிகார்காரரும் கூட. நான் அஸ்ஸாம் என்றேன். நர்ஸ் தலையாட்டிவிட்டுப் பெங்காலி என்றே எழுதினார்.

மூளையில் ரத்தக் கட்டு. சொன்னதைச் செய்கிறாரா என்று பார்த்துத்தான் திருச்சூருக்கு அனுப்ப முடியும், எதற்கும் அசையாதவரை அங்கே அறுவைக்கு எடுக்க யோசிப்பார்கள், வழியிலேயே போய்விடவும் கூடும் என்றார் டாக்டர். கண்ணைத் திற என்று மலையாளத்தில் சொன்னார். ஹிந்தியில் சொன்னார். கான்ட்ராக்டர் வங்காளி மேஸ்திரி ஒருவரை வரவழைத்தார். மேஸ்திரி நல்ல மனிதர். தம்பி, தம்பி என்று கண் கலங்கக் கூப்பிட்டார். அசைவு இல்லை. காத்திருக்கலாம் என்று டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். மத்தியானம் கழிந்தது.

வராந்தாவில் நின்று மகளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"அவரு பேசுறது அஸ்ஸாமிதானுங்கப்பா?"

"ஆமா."

"அதுல யாராச்சும் சொன்னாங்களா?"

"வங்காளத்துல சொல்லிப் பாத்தாச்சு சாமி. ரெண்டும் கிட்டக் கிட்டத்தான்னு சொல்றாங்க."

"கிட்டன்னா பத்தாதுங்கப்பா. இங்க மலையில இருந்து ஒரு பெரியவரு வந்தாரு. ஜார்ஜியன் நல்லாப் பேசுறவருதான். அடிபட்ட அன்னிக்கு ஜார்ஜியனுக்கு அசையவே இல்ல. அவங்க ஊர்ப் பாசைல மக பேசுன பொறவுதான் கையத் தூக்குனாரு. அவரு அம்மாவக் கூப்புடுங்க. இப்பவே."

அவருடைய போன் ஆலை ஷெட்டில் சார்ஜில் கிடந்தது. அது வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மேஸ்திரி அந்த அம்மாவிடம் விஷயத்தையும், மகனிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னார். மறுமுனையில் ஓர் அலறல். நான் போனைக் கட்டிலில் கிடந்தவர் காதருகில் வைத்தேன்.

"ஹோன்" என்றது அந்தக் குரல். "ஹோன். ஸொகு மெல்."

கண்ணைத் திற. இமைகள் நடுங்கிப் பாதி திறந்தன. கையைத் தூக்கு என்று அந்த அம்மா சொன்னதும் இடது கை போர்வையிலிருந்து எழுந்து நின்றது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். கட்டிலில் அவர் உதடு அசைந்தது. என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். சத்தம் வரவில்லை.

திருச்சூரில் அறுவை செய்தார்கள். வீக்கம் இறங்கவில்லை. காலையிலேயே வந்திருந்தால் என்று தொடங்கிய சர்ஜன் என் முகத்தைப் பார்த்து மீதியைச் சொல்லாமல் விட்டார். பெட்டி விமானத்தில் போகும் முன் அதன் காகிதத்திலும் பெங்காலி என்றே இருந்தது. அதை அடித்து அஸ்ஸாம் என்று எழுதும்வரை கவுண்டரை விட்டு நான் நகரவில்லை.

அந்த அம்மாவுக்கு, மகனோடு கடைசியாக இருந்தவன் என்று என் எண்ணை யாரோ கொடுத்திருக்கிறார்கள். டீ நேரத்தில் கூப்பிடுகிறார். மேஸ்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்; முதல் தடவை வைத்துக்கொண்டேன். மேஸ்திரி பேச ஆரம்பித்ததும் அந்த அம்மா போனை வைத்துவிட்டார். அதிலிருந்து தனியாகத்தான் எடுக்கிறேன். அவர் பேசுவது எனக்குப் புரிவதில்லை. இடையில் அந்தத் தொண்டை ஒலி வரும்போது மட்டும் எது தங்கம், எது கேள் என்று பிரித்தறிய முடிகிறது. அவர் நிறுத்தும் இடங்களில், என் வாயில் சரியாக வராத அந்த முதல் எழுத்தோடு, ஹுனிஸோ என்கிறேன். அவர் மறுபடி பேசத் தொடங்குகிறார்.