அரக்கைக் காட்டுகிற டார்ச்

கோயம்புத்தூருக்குப் போன சேலை திரும்பி வந்தது. வாங்கிய அம்மா ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தார். போட்டோவில் செங்கல் நிறம், கையில் எடுத்தால் அரக்கு, ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். அதற்கு முன் அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். செங்கல்தான்.

தறி எங்கள் வீட்டுத் தறி. நெய்வது என் வீட்டுக்காரர். போட்டோ எடுத்துப் போனிலேயே விற்பது நான். அதற்கு முன்பெல்லாம் கடை முதலாளிக்குத்தான் சேலை போட்டுக்கொண்டிருந்தோம்.

"பேஜார் புடிச்ச வேலை இது," என்றார் அவர், தறியை விட்டு எழாமலே. "இப்ப தறியில கீறதும் ஒரு அரக்குதான். இதுவும் திரும்பி வந்துச்சுன்னு வையி, பழையபடி முதலாளி கிட்டயே போட்டுடுவேன்."

"போடு. அவரு சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிகினு வா."

வாய் அப்படிப் பேசியது. உள்ளே பயந்து போனேன். விற்கிற வேலை போனால் போட்டோ எடுக்கிற நேரமும் போய்விடும். அது போனால் என்னால் தாங்க முடியாது.

போனில் மாட்டுகிற குட்டி லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன். அதோடு சேலைக்கு இரண்டு விரல் தூரத்தில் குனிந்தால் வீடு மறைந்துவிடும். நூல் நூலாகச் சிவப்பு வயல் விரியும். அதன் நடுவில் ஜரிகை வாய்க்கால் போல ஓடும். கையை ஒரு நூல் அளவு அசைத்தால் வாய்க்கால் கலங்கி, வேறொரு வயல் தெளியும். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியாது. யார் கூப்பிட்டாலும் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். நான் யாரோடும் சண்டை போடாமல் இருப்பது அந்த நேரம் மட்டும்தான்.

அவ்வளவு கிட்டே போனால் போனின் நிழலே சேலைமேல் விழுகிறது. போனின் ஃபிளாஷைப் போட்டால் ஜரிகை வெள்ளையாய் எரிகிறது. பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் எடுக்கலாமென்றால் ஐப்பசி மழை விடவில்லை. அதனால் வீட்டில் கிடந்த டார்ச்சை அடித்து எடுத்தேன். அரக்கு செங்கல் ஆனது அதனால்தான்.

நாலு வீடியோ பார்த்ததில் ஒன்று புரிந்தது. வெளிச்சம் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஒரு மதிப்பெண் இருக்கிறது. நூறுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. மலிவு டார்ச்சில் முதலில் சாவது சிவப்பு.

நீளவாக்கில் ஓடுகிற பாவு முடிந்ததும் தறியில் மிஞ்சுகிற துண்டு நூலை நாங்கள் எறிவதில்லை. அதில் சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள் மூன்றையும் எடுத்து இரண்டு கை விரல்களிலும் ஒரே மாதிரி சுற்றிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டார்ச் கடைக்காரர் என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாக்கா, டார்ச்சு வாங்க வந்தியா, நூலு விக்க வந்தியா?"

"நல்லதா ஒண்ணு காட்டுப்பா."

"இது அடிச்சா ஏரிக்கரை வரைக்கும் தெரியும்."

"ஏரிக்கரையில எனக்கு இன்னா வேலை? என் வெரல் தெரியட்டும்."

அடித்தார். நீல வெளிச்சம். சிவப்பு பழம்புளி மாதிரி ஆனது. எல்லா டார்ச்சும் அதே கதை. சி.ஆர்.ஐ. என்றதற்கு, அது எந்த கம்பெனி என்று கேட்டார்.

வேலூர் பஸ் ஏறினேன். கண்ணமங்கலம் தாண்டியதும் மலை மழைக்குள் கரைந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிய, அதன்மேல் விரல்களை வைத்துப் பார்த்தேன். சிவப்பு ஒழுகி ஓடுகிற மாதிரி இருந்தது. பக்கத்து சீட்டு அம்மா, கையில் அடியா என்று கேட்டார். நூல் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, நல்லவர்.

கேமரா சாமான் கடையில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு டார்ச் காட்டினார்கள். பெட்டியில் தொண்ணூற்றைந்து என்று போட்டிருந்தது. எழுதியிருப்பதை எவன் நம்புவான்? இடது கையை வாசலுக்கு வெளியே பகலில் நீட்டினேன். வலது கையைக் கடைக்குள் வைத்து அதன்மேல் டார்ச்சை அடிக்கச் சொன்னேன். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு கையும் ஒருத்தியின் கை மாதிரி இருந்தது. வாங்கிவிட்டேன்.

தறியிலிருந்து சேலை இறங்கியது. ட்யூப் லைட்டை அணைத்தேன். சேலை மடிப்புக்கு நடுவே வைக்கிற மெல்லிய வெள்ளைத் தாளை டார்ச்சின் வாயில் கட்டினேன். வெளிச்சம் பால் மாதிரி பரவியது. எங்கள் அரக்குக்குப் பாவு சிவப்பு, குறுக்கே ஓடுகிற ஊடை கறுப்பு. ஒரு பக்கத்திலிருந்து அடித்தால் சிவப்பு ததும்பியது. சேலையைத் திருப்பினால் அதே இடத்தில் இருட்டு ஏறியது. எது சரியான நிறம்? இரண்டும்தான். அப்படியே இரண்டு போட்டோ எடுத்து, இரண்டும் ஒரே சேலை, குஞ்சம் நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும், விருப்பமிருந்தால் வாங்குங்கள் என்று எழுதிப் போட்டேன். பெங்களூரிலிருந்து ஒரு தமிழ்க்கார அம்மா வாங்கினார்.

சேலை போய்ச் சேர்ந்த அன்றைக்கு போன் வந்தது. பெங்களூர் அம்மாதான்.

"இன்னாங்க இது, முந்தானையில குஞ்சமே கட்டாம அனுப்பிட்டீங்க?"

"குஞ்சம் நீங்கதாங்க கட்டிக்கணும். எழுதித்தான போட்டேன்."

"யாரு அவ்ளோ படிக்கறாங்க?" வைத்துவிட்டார்.

தறிச் சத்தம் நின்றிருந்தது. "இன்னாவாம்? திருப்பி அனுப்பறாங்களா?"

"குஞ்சம் கட்டலையாம்."

"கலரு?"

"கலரைப் பத்தி வாயே தொறக்கல."

 அவர் தறி மிதியில் காலை வைத்துக்கொண்டே கேட்டார்.

"அடுத்தது கத்திரிப்பூ கலரு போடலாம்னு பாக்கறேன். அதையும் புடிக்குமா உன் டார்ச்சு?"

"புடிக்கும். நீ ஒழுங்கா நெய்."