செயலாளர் வாயில் திராட்சை

மைக்கைப் பார்த்தாலே நான் கடைசி வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். லிஃப்டில் ஆட்கள் நின்றால் பொத்தானை அமுக்கச் சொல்லக் கூச்சப்பட்டு, அவர்கள் இறங்கும் மாடியில் இறங்கி, மீதியைப் படியேறி வருகிறவள். முடிச்சூரில் எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழா சமையல் போட்டிக்கு எதிர்வீட்டுப் பெண் என் பெயரைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

சமைப்பதில் பயமில்லை. முதல் பரிசு வாங்குகிறவர் மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம்.

“பேரை எடுத்துடும்மா.”

“ஐயோ அக்கா, பேனர்லயே அடிச்சாச்சு!”

தோற்றால்தான் தப்பிக்க முடியும். ஆனால் உப்பைக் கொட்டி ஒரு பண்டத்தைக் கெடுக்க எனக்குக் கை வராது. எனக்குச் சுத்தமாகத் தெரியாத ஒன்றைச் செய்துவிட்டால் தோல்வி தானாக வரும். மகளின் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். திராட்சையைக் குச்சியில் குத்திச் சர்க்கரைப் பாகில் முக்கி எடுக்கிறார்கள். கண்ணாடி போல மெல்லிய ஓடு வருகிறது. கடித்தால் நொறுங்குகிறது.

எனக்குப் பழக்கமான பாகு கடலை உருண்டைப் பாகு ஒன்றுதான். சர்க்கரையில் பதம் பிடிபடாது என்று வெல்லத்தையே போட்டுக் காய்ச்சினேன். “வீடியோல அந்தப் பொண்ணு சூடு பாக்கச் சொல்லுதே” என்று என் கணவர், கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டுவதற்கு வாங்கிய தெர்மாமீட்டரைத் தேடி எடுத்து வந்து வாணலிக்கு நேராக நீட்டினார். அது சிவப்பாகிக் கத்தியது.

“ஜுரம் ஜாஸ்தி. தனியா படுக்க வை” என்றார்.

ஓடு தடிப்பாகப் பழுப்பு நிறத்தில் வந்தது. திராட்சைக்குக் கமர்கட்டைப் போர்த்தியது போல இருந்தது. அவர் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொண்டன. வெந்நீரை உறிஞ்சி உறிஞ்சி மீண்டு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “தோத்துடுவ.”

நிம்மதியாக இருந்தது. விழாவுக்கும் அதையே செய்து எடுத்துப் போனேன்.

எங்கள் சங்கச் செயலாளர் தங்கமான மனிதர். ஆனால் ஒவ்வொரு வருடமும் சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி, மோட்டார், பார்க்கிங் என்று பேசத் தொடங்கினால் பொங்கல் ஆறிக் கட்டியாகும் வரை நிறுத்த மாட்டார். போட்டிக்கும் அவர்தான் நடுவர். அன்று எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட்டு, கடைசியாக என் திராட்சையைக் கடித்தபடியே மைக்கை வாங்கினார்.

“அன்பார்ந்த...” என்றார். அதோடு சரி.

கன்னம் இரண்டும் அசைந்தன. கண்கள் உருண்டன. வார்த்தை வரவில்லை. கூட்டம் முதலில் பயந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், “சார் பேசி முடிச்சிட்டாரு, இலை போடுங்கப்பா!” என்றார். எழுந்த கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. பொங்கலிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“திராட்சைக்குத்தான் ஃபர்ஸ்ட் பிரைஸ்!” என்று எதிர்வீட்டுப் பெண் கத்தினாள். எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். செயலாளரால் மறுத்துப் பேச முடியவில்லை.

என்னை மேடைக்குத் தள்ளினார்கள். தள்ளியவர்களில் என் கணவர்தான் அதிகம் சிரித்தார். மைக் என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன். கையில் தட்டு இருந்தது. யோசிக்கவில்லை. இரண்டு திராட்சைகளை வாயில் போட்டு அழுத்திக் கடித்தேன்.

“ரெண்டு வார்த்தை, அக்கா!”

“ம்ம்... ம்ம்” என்றேன்.

பக்கத்தில் நின்ற செயலாளர் என்னைப் பார்த்தார். பரிசான ஹாட்பேக்கை என் கையில் கொடுத்து, மைக்கில் குனிந்து அவரும், “ம்ம்” என்றார்.