நுனி வளையம்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளையிலுள்ள எங்கள் சாமான் கடைக்கு நடந்தே வந்திருந்தார். ஒடிசலான ஆள். தோட்டத்துத் துரையின் மீன்தூண்டில் இவர் சுமந்துபோகையில் முறிந்துவிட்டதாம். புதிது செய்து தராவிட்டால் குடியிருக்கும் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். தூண்டில் எதுவும் இவர் இதற்குமுன் செய்ததில்லை.

எதையும் கன்னத்தில் உரசிப் பார்த்தே எடுத்தார். மூங்கிலும் பட்டுநூலும் அமைந்தன. நூல் ஓடும் நுனி வளையம் மட்டும் அமையவில்லை.

“எல்லாம் சொரசொரன்னு இருக்குங்க முதலாளி. நூலு அறுந்துரும்.”

மடியிலிருந்து சின்ன வெள்ளி மோதிரம் ஒன்றை எடுத்தார்.

“பிள்ளையோடதா? அழாதா?” என்றேன்.

“அழ எங்கங்க இருக்கு? போன மாசம் காய்ச்சல்ல போயிருச்சு.”

நூலின் மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, மோதிரத்தை மூங்கில் நுனியில் இறுக்கிக் கட்டினார்.

“தொரைக்குப் புடிக்குமாங்க?”

பிடிக்கும் என்றேன். மோதிரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லாமல் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் என்மேல் எரிச்சல்தான்.