தவக்காலத்தில் வந்த கிரீடம்

மொன்றியலில் ஒவ்வொரு மார்ச்சிலும் ஐரிஷ்காரர் தங்கள் காவல் புனிதருக்கு ஊர்வலம் எடுப்பார்கள். அதற்கென்று ஓர் அரசியையும் தெரிவு செய்வார்கள். என் அம்மா ஐரிஷ் வழி, அப்பா யாழ்ப்பாணம். இந்த வருடம் கிரீடம் எனக்குக் கிடைத்தது.

போட்டி மேடையில் வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் தினமும் உருளைக்கிழங்கு உண்டு, அம்மா அவித்து வைப்பதை அப்பா எடுத்துப் பால்கறியாக்கிவிடுவார் என்றேன். மண்டபம் சிரித்தது. நடுவர் ஒருவர் செய்முறை கேட்டார்.

மென்பொருள் சோதிப்பது என் வேலை. எதெது பிழையாகப் போகலாம் என்று எழுதிக்கொள்ளாமல் எதையும் தொடங்க மாட்டேன். காற்றில் கிரீடம் சரிந்தால், கூடுதல் ஊசிகள். குளிருக்கு, கவுனுக்குள்ளே கம்பளிக் காற்சட்டை. மழைக்கு, கிரீடத்தை மறைக்காத கண்ணாடிக் குடை. அப்பா வராவிட்டால் என்பதற்கு எதிரே எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏனென்றால் ஊர்வலம் தவக்காலத்தில் வந்தது. அப்பா எங்கள் பங்குக் கோயிலில், ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் பாடுகிறவர். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் பிறந்தால் வீட்டில் இறைச்சி இல்லை, கொண்டாட்டம் இல்லை. ஆண்டவர் பாடுபடும் காலத்தில் மேளத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் நின்றுவிட்டு, பிறகு எந்த முகத்தோடு அந்தப் பாடுகளைப் பாடுவது என்று கேட்டார். கோபப்பட்டிருந்தால் நானும் வாதாடியிருப்பேன். அவர் கவலையோடு கேட்டார்.

பங்குப் பெண்களிடம் தமிழ் பழகிய அம்மா, கோப்பை கழுவியபடியே சொன்னார்.

"இஞ்சருங்கோ, அங்க எங்கட புனிதரின்ர சுருவமும் வருது. ஊரில சுருவம் றோட்டால போனா நீங்கள் வீட்டுக்குள்ளயோ இருப்பியள்?"

"அது காகிதத்தில செய்த பொம்மையெல்லோ."

"உங்கட கோயில் சுருவம் மட்டும் உயிரோடயோ வந்தது?"

அப்பா துவாயை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினார்.

ஊர்வலம் நடந்த ஞாயிற்றுக்கிழமை தெருவெல்லாம் பச்சைத் தொப்பி, பச்சைத் தாடி. வீட்டு உயரப் புனிதர் முன்னால் போக, அடுத்த வண்டியில் நான் கையசைத்துக்கொண்டு நின்றேன். ஒரு திருப்பத்தில், பச்சைக் கூட்டத்தின் நடுவே கறுப்புக் கோட்டுகளாக ஒரு சிறு கூட்டம். பூசை முடிந்து நேரே வந்த பங்குப் பெண்கள், அவர்களுக்கு முன்னால் அப்பா. புனிதர் நெருங்கியதும் அவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை அடையாளம் போட்டு, உருகிய பனியிலே முழங்காலிட்டார். பெண்களும் முழங்காலிட்டார்கள். பக்கத்தில் பியர் குடித்துக்கொண்டிருந்த ஒருவன் அவர்களைப் பார்த்துவிட்டுத் தன் பச்சைத் தாடியை மெதுவாகக் கழற்றினான்.

சுருவம் கடந்தால் அதன் பின்னால் நடப்பதுதானே எங்கள் ஆட்களின் வழக்கம். எல்லாரும் எழுந்து, தடுப்பைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டார்கள். ஒழுங்கு பார்க்கிறவர் ஓடிவந்து, நீங்கள் எந்தக் குழு என்று கேட்டார். புனிதருக்குப் பின்னால் போகிறோம் என்று அப்பா ஆங்கிலத்தில் சொன்னார். வந்தவர் ஒதுங்கி வழிவிட்டார்.

புனிதருக்குப் பின்னால் என்றால் என் வண்டிக்குப் பக்கத்தில். அப்பா செபமாலையோடு, நனைந்த காற்சட்டையோடு, ஊர்வலம் முடியும்வரை நடந்தார். சந்திக்குச் சந்தி நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார்.